தோற்றபோது கூடிய ஓட்டு: மேக்னஸ் ஜான்சன் என்ற விவசாயியின் தேர்தல் கணக்கு

முதலில் மூன்று எண்களைப் பார்த்துவிடுவோம். 1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கவர்னர் தேர்தலில் மேக்னஸ் ஜான்சன் பெற்ற ஓட்டு 2,95,479. தோற்றார். 1923இல் அதே மாநிலத்தில் செனட் இடைத்தேர்தலில் பெற்றது 2,90,165. வென்றார். 1924இல் அந்த செனட் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள நின்றபோது பெற்றது 3,80,646. தோற்றார்.

மூன்றிலும் குறைவாக ஓட்டு வாங்கிய ஆண்டில்தான் அவர் செனட்டரானார். வென்ற ஆண்டைவிட 90 ஆயிரம் ஓட்டு கூடுதலாக வாங்கிய ஆண்டில் மூட்டை கட்டிக்கொண்டு பண்ணைக்குத் திரும்பினார். ஜான்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய இடிக்குரலையும், ஸ்வீடன் வாடை வீசிய ஆங்கிலத்தையும், பசு மடியையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த மூன்று எண்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு விவசாயி எப்போது ஜெயிக்கிறார், எப்போது தோற்கிறார் என்பதில் அவர் கையில் இருந்தது எவ்வளவு என்று இவை காட்டுகின்றன.

இங்கே கவர்னர் என்றதும் நம் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மாநிலங்களில் கவர்னரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் அது நம் முதலமைச்சர் நாற்காலிக்கு நெருக்கமானது.

கண்ணாடி உலையிலிருந்து கறவை மாட்டுக்கு

ஜான்சன் 1871இல் ஸ்வீடனின் வார்ம்லாண்ட் பகுதியில், கார்ல்ஸ்டாட் நகருக்கு அருகே பிறந்தவர். சிறுவயதில் கற்றது கண்ணாடி ஊதும் தொழில். 1891இல் கப்பலேறி விஸ்கான்சின் மாநிலத்து லா க்ராஸ் ஊருக்கு வந்து மரம் வெட்டும் வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் மினசோட்டாவின் மீக்கர் கவுண்டிக்கு நகர்ந்து, கிம்பல் என்ற சிற்றூர் அருகே நிலம் பிடித்துப் பால்பண்ணை வைத்தார். அவருடைய தொண்டைக்கு அந்தக் கண்ணாடி உலைதான் காரணம் என்று பின்னாளில் கேலி செய்வார்கள். உலைக்கு ஊதி ஊதி வளர்ந்த நுரையீரலாம். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் ஐயாயிரம் பேர் நிற்கும் சந்தைத் திடலில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் என்றால் அது சொத்துதான். அப்போது சந்தைக்கு வந்திருந்த ஒலிபெருக்கிக் கம்பெனி ஒன்றின் பெயரையே பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயராக்கின: 'மேக்னவாக்ஸ் ஜான்சன்'.

ஊரில் அவர் வகித்த பொறுப்புகள் சின்னச்சின்னவை: வரி மதிப்பீட்டாளர், பள்ளிக் குழுவின் எழுத்தர், சிறு வழக்குகளைத் தீர்க்கும் கிராம நீதிபதி. ஆனால் அவரை அரசியலுக்குத் தள்ளியது இவை எதுவுமல்ல. அது தானியக் கிடங்கின் தராசு.

அந்தத் தராசை அருகில் போய்ப் பார்த்தால்தான் மீதிக் கதை புரியும். ரயில் பாதை ஓரத்தில் உயரமான மரக் கிடங்கு நிற்கும். விவசாயி வண்டியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு வருவார். கிடங்குக்காரர் ஒரு கை அள்ளிப் பார்ப்பார், சல்லடையில் போட்டு ஆட்டுவார், ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். பிறகு தரம் சொல்வார். 'ஒன்றாம் நம்பர் நார்தர்ன்' என்றால் நல்ல விலை. இரண்டு, மூன்று என்று இறங்கினால் புஷலுக்கு (கோதுமையில் சுமார் 27 கிலோ) இத்தனை சென்ட் என்று குறையும். அதற்கு மேல் பதர், களை விதை, தூசு என்று எடையில் ஒரு கழிவு. கழிவென்று தள்ளிய சலிப்பையும் சேர்த்தே விவசாயி மினியாபொலிஸ் வரை ரயில் கூலி கட்டுகிறார். அங்கே அந்தச் சலிப்பு கால்நடைத் தீவனமாக விலை போகிறது. அந்தக் காசு அவருக்கு வருவதில்லை. தரம் சொல்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆள். தகராறு செய்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகலாம். அடுத்த கிடங்கும் பெரும்பாலும் அதே கம்பெனியுடையதாக இருக்கும்.

மினியாபொலிஸ் தானியச் சந்தைக்குள் விவசாயிகளின் கூட்டுறவு நுழைய முயன்றது. 'ஈக்விட்டி கூட்டுறவுச் சந்தை' என்பது அதன் பெயர். ஜான்சன் அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். உறுப்பினர்களுக்கு லாபத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பது தரகு விதிக்கு விரோதம் என்று சொல்லிச் சந்தை கதவைச் சாத்தியது. கூட்டுறவு பக்கத்து நகரமான செயின்ட் பாலில் தனிக்கடை போட்டது. ஜான்சன் மேடைப் பேச்சைப் பழகியது இந்தச் சண்டையில்தான். பேச்சுக்கு அவர் புத்தகம் படிக்க வேண்டியிருக்கவில்லை. சல்லடையும் தராசும் கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

1915 முதல் 1919 வரை மாநிலக் கீழவை, பிறகு 1923 வரை மாநில மேலவை. வேடிக்கை என்னவென்றால், அன்றைய மினசோட்டா சட்டமன்றத்தில் கட்சியே கிடையாது. 1913இல் அதைக் கட்சி சாராத அவை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த ஏற்பாடு 1970கள் வரை நீடித்தது. எட்டு ஆண்டு சட்டமன்றத்தில் இருந்த ஜான்சன் எந்தக் கட்சிச் சின்னத்திலும் அங்கே அமரவில்லை. அவர் நம்பிய அமைப்பு வெளியே இருந்தது.

விலை சரிந்தது, கட்சி முளைத்தது

வடக்கு டகோட்டாவில் ஆர்தர் டவுன்லி என்ற விவசாயி ஆளி விதை பயிரிட்டுக் கடனில் மூழ்கினார். 1915இல் அவர் 'கட்சி சாரா கழகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். அதன் உத்தி எளிமையானது: புதுக் கட்சி தொடங்காதே, ஆளும் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் புகுந்து உன் ஆளை வேட்பாளராக்கு. வடக்கு டகோட்டாவில் அது அப்படியே பலித்தது. மினசோட்டாவில் பலிக்கவில்லை. 1918இல் முன்னாள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் சார்லஸ் ஆகஸ்ட் லிண்ட்பர்க்கைக் கவர்னர் பதவிக்கு நிறுத்திப் பார்த்தார்கள். உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். அதன் பிறகுதான் விவசாயி–தொழிலாளர் கட்சி என்று தனிக்கடை.

போர்க்காலத்தில் புஷல் 2 டாலருக்கு மேல் விற்ற கோதுமை, அரசு விலை ஆதரவை 1920இல் விலக்கிக்கொண்டபின் 1921 முடிவதற்குள் 1 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2 டாலர் விலையை நம்பி நிலம் வாங்கிய கடனுக்கு இப்போது இரண்டு மடங்கு கோதுமை விற்று வட்டி கட்ட வேண்டும். 1922 நவம்பரில் இந்தக் கோபம் ஓட்டுப் பெட்டிக்கு வந்தது. ஹென்றிக் ஷிப்ஸ்டெட் என்ற பல் மருத்துவர் புதுக்கட்சி சார்பில் நின்று, செனட்டர் ஃப்ராங்க் கெல்லாக்கைத் தோற்கடித்தார். அதே கட்சி சார்பில் கவர்னர் பதவிக்கு நின்ற ஜான்சன், பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ப்ராய்ஸிடம் சுமார் 14 ஆயிரம் ஓட்டில் தோற்றார். ஜனநாயகக் கட்சி மூன்றாவதாக வந்து கிட்டத்தட்ட 80 ஆயிரம் ஓட்டை எடுத்துக்கொண்டது.

அந்தத் தோல்விதான் அவருக்கு மாநிலம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1923 ஏப்ரலில் மூத்த செனட்டர் க்னூட் நெல்சன் ரயில் பயணத்திலேயே காலமானார். கவர்னர் ப்ராய்ஸ் இடைத்தேர்தல் அறிவித்துவிட்டுத் தானே குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார்.

புதுக்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜான்சனுக்கு எதிரே நின்றவர் யார் தெரியுமா? அதே மூத்த லிண்ட்பர்க். அவரும் ஸ்வீடனில் பிறந்தவர். அப்பாவுக்குப் பிரசாரம் செய்ய மகன், புதிதாக வாங்கிய பழைய ராணுவ விமானத்தில் பறந்து வந்து, க்ளென்கோ அருகே சதுப்பில் மோதி நிறுத்தினான். நான்கு ஆண்டு கழித்துத் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டியவன் அந்த மகன்தான். விமானமும் கைகொடுக்கவில்லை, ஜான்சன்தான் வேட்பாளரானார்.

1923 ஜூலை 16, திங்கட்கிழமை

இனி எண்களுக்கு வருவோம். எட்டு மாத இடைவெளியில் அதே இருவர், அதே மாநிலம், அதே புகார்கள். ஜான்சனின் ஓட்டு 5 ஆயிரம் குறைந்தது. ப்ராய்ஸின் ஓட்டு 3,09,756இலிருந்து 1,95,319க்கு இறங்கியது. அதாவது 1,14,000 ஓட்டு காணாமல் போனது. ஜனநாயகக் கட்சி 80 ஆயிரத்திலிருந்து 19 ஆயிரத்துக்கு வந்தது. ஜான்சனுக்குக் கிடைத்தது 57 சதவீதத்துக்கு மேல்.

'விவசாயிகளின் எழுச்சி' என்று அன்று எழுதினார்கள். எழுச்சி என்றால் ஓட்டு கூட வேண்டாமா? நடந்தது வேறு. நடுக்கோடையில் தனியாக நடந்த தேர்தல் அது; ஒரே ஒரு பதவிக்கு. கட்சிப் பாசத்தால் வழக்கமாக வந்து குத்திவிட்டுப் போகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கவர்னராக இருந்துகொண்டே செனட்டுக்குத் தாவப் பார்க்கிறார் என்று ப்ராய்ஸ் மீது சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு. வராமல் போனால் தாங்காது என்று நினைத்தவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்கள் ஜான்சனின் ஆட்கள். ஏறக்குறைய ஒருவர் விடாமல் திரும்ப வந்தார்கள் என்பதுதான் அவருடைய சாதனை. அது சின்னச் சாதனையல்ல. ஆனால் புதிதாக யாரையும் அவர் அன்று சேர்க்கவில்லை.

இந்த வித்தியாசத்தை ஜான்சனும் கட்சியும் கவனித்தார்களா என்பது என் சந்தேகம். ஷிப்ஸ்டெட், ஜான்சன் என்று மினசோட்டாவின் இரண்டு செனட் இடங்களும் மூன்றாவது கட்சியின் கையில். மயக்கம் வரத்தான் செய்யும்.

பால் கறக்கும் செனட்டர்

அமெரிக்க செனட்டுக்கு ஸ்வீடனில் பிறந்து போனவர் அவர் ஒருவரே. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அவர் பேச்சை உச்சரிப்போடு எழுத்துக்கு எழுத்து அச்சிட்டுச் சிரித்தார்கள். காளையின் வாலைப் பிடித்துக்கொண்டு நிலைமையை முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும் என்று அவர் முழங்கியதாக ஒரு துணுக்கு சுற்றியது. இப்படிப்பட்ட துணுக்குகள் ஊருக்கு ஊர் ஒரு தலைவர் பெயரில் ஒட்டிக்கொள்ளும். அவர் சொன்னார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அமெரிக்க வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸுடன் ஒரு பால் கறக்கும் போட்டியும் ஏற்பாடானது. கேமராக்களுக்கு முன்னால் இருவரும் ஆளுக்கொரு பசுவின் அடியில் அமர்ந்து கறந்தார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாலஸும் வேளாண் குடும்பத்துக்காரர், பண்ணைப் பத்திரிகை நடத்தியவர். அவருக்கு அது ஒரு நாள் விளையாட்டு. எழுந்து கை கழுவினால் மறுபடியும் அமைச்சர். ஜான்சனுக்கு அப்படியில்லை. அவர் எழுந்து கை கழுவிய பிறகும் ஊர் அவரைப் பால்காரராகவே பார்த்தது. தேர்தலில் ஓட்டு வாங்கித் தந்த அதே பசு, வாஷிங்டனில் அவரைக் காட்சிப்பொருளாக்கியது. விலைச் சரிவைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் மடியைப் பற்றிக் கேட்டார்கள்.

இன்னொரு சங்கடத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜூலையில் வென்றவர் அவையில் அமர டிசம்பர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய நாட்காட்டி அப்படி. 1924 ஜூன் முதல் வாரத்தில் அவை கலைந்து எல்லோரும் தேர்தலுக்குப் போய்விட்டார்கள். ஆக, மறுபடி ஓட்டுக் கேட்கப் போகும் முன் அவருக்குக் கிடைத்த செனட் காலம் ஆறு மாதம். அதற்குள், உபரித் தானியத்தை அரசு வாங்கி ஏற்றுமதி செய்து விலையைத் தூக்க வேண்டும் என்ற மெக்னாரி–ஹாகன் மசோதா 1924 ஜூன் 3 அன்று காங்கிரஸின் கீழவையில் விழுந்துவிட்டது. செனட்டர் ஜான்சன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போக கையில் ஒன்றுமில்லை. அவர் பாடுபட்ட ஈக்விட்டி கூட்டுறவும் 1923இலேயே கடனில் விழுந்து நீதிமன்றப் பொறுப்பாளரிடம் போயிருந்தது.

1924 நவம்பரில் எதிரே நின்றவர் தாமஸ் ஷால். பார்வையிழந்த வழக்கறிஞர், காங்கிரஸ் உறுப்பினர். இந்த முறை ஜனாதிபதித் தேர்தலும் கூடவே. வீட்டிலிருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் கூலிட்ஜுக்காக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே ஷாலுக்கும் குத்தினார்கள். கோடையிலிருந்து கோதுமை விலையும் ஏறத் தொடங்கியிருந்தது. அன்று மூன்றாவது அணியின் ஜனாதிபதி வேட்பாளர் லா ஃபாலெட் மினசோட்டாவில் பெற்றதைவிட ஜான்சன் 40 ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றார். கட்சியின் கவர்னர் வேட்பாளர் ஃபிளாய்ட் ஓல்சனைவிட 14 ஆயிரம் கூடுதல். தன் பக்கத்து ஆட்களில் முதலாவதாக வந்தவர் 8 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். ஷாலின் தேர்தல் செல்லாது என்று செனட்டிலேயே வழக்காடினார்; 1926இல் அதுவும் தள்ளுபடி.

என் கணக்கில் ஜான்சனின் உண்மையான வெற்றி இந்தத் தோல்விதான். 1923இல் எதிரி வரவில்லை. 1924இல் எதிரி முழுப் படையோடு வந்தும் நூலிழையில்தான் தப்பினான்.

மறுபடியும், மறுபடியும்

1926இல் கட்சி அவரைத் திரும்பவும் கவர்னர் தேர்தலுக்கு நிறுத்தியது. பதவியில் இருந்த தியோடர் கிறிஸ்டியன்சனிடம் 1,28,000க்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். 38 சதவீதம். விலை ஓரளவு நிலைத்துவிட்ட ஆண்டு. தராசுப் பேச்சுக்கு முன்போல் கை தட்டல் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் 'எப்போதும் நிற்பவர்' என்ற பெயர் அவர்மேல் ஒட்டத் தொடங்குகிறது.

எப்போதும் நிற்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, தன் பெயரை வாக்குச் சீட்டில் பார்க்கும் ஆசைக்கு நிற்பவர்கள். இன்னொரு வகை, நிற்க ஆளில்லாதபோது கட்சி கூப்பிட, போய் நிற்பவர்கள். ஜான்சனை நான் இரண்டாம் வகையில் வைக்கிறேன், 1936 நீங்கலாக. கிராமங்களில் முகம் தெரிந்த ஆள் கட்சிக்கு வேறு யாரும் இல்லாத வரைக்கும் அவர் தேவைப்பட்டார்.

அந்தத் தேவை தீர்ந்த நாள் 1930. மினியாபொலிஸ் வழக்கறிஞர் ஓல்சன் கவர்னர் தேர்தலில் 4,73,000 ஓட்டு வாங்கி வென்றார். மாடு கறக்கத் தேவையில்லாமலே விவசாயிகளின் ஓட்டை ஒரு நகரத்துக்காரர் வாங்கிவிட்டார். கட்சிப் பெயரில் முன்னால் இருந்தது 'விவசாயி' என்ற சொல். அதைச் சுமக்க இனி விவசாயியே வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது.

ஜான்சனுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது ஒரு சட்டச் சிக்கலால். 1930 மக்கள்தொகைக் கணக்கின்படி மினசோட்டாவின் காங்கிரஸ் இடங்கள் பத்திலிருந்து ஒன்பதாகக் குறைந்தன. தொகுதி பிரித்துச் சட்டமன்றம் போட்ட மசோதாவைக் கவர்னர் ஓல்சன் நிராகரித்தார். கவர்னர் கையெழுத்து இதற்குத் தேவையில்லை என்று மாநிலச் செயலாளர் ஹோம் சொல்ல, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 1932 ஏப்ரலில் கவர்னர் பக்கம் தீர்ப்பு. தொகுதிகளே இல்லாமல், ஒன்பது பேரையும் மாநிலம் முழுதும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. கோதுமை விலை அதலபாதாளத்தில் கிடந்த ஆண்டு, ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர், தொகுதி எல்லை கிடையாது. ஜான்சனுக்காகவே தைத்த சட்டை போல ஒரு தேர்தல். வென்ற ஒன்பது பேரில் ஐந்து பேர் அவர் கட்சி, அவரும் ஒருவர். 1926இல் அவரைத் தோற்கடித்த கிறிஸ்டியன்சனும் அதே ஒன்பதில் வென்று வந்தார்.

1934இல் தொகுதிகள் திரும்பின. ஜான்சன் தோற்றார். கால்நடைச் சந்தைகளை மேற்பார்வையிடும் மாநிலப் பதவி ஒன்றைக் கொடுத்தார்கள்.

1935 டிசம்பரில் ஷால் கார் மோதி இறந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஜான்சன் வென்ற அந்த செனட் இடம் காலியானது. நியமிக்கும் அதிகாரம் கவர்னர் ஓல்சனிடம். அவர் எல்மர் பென்சனை நியமித்தார். பென்சன் வங்கித் தொழிலிலிருந்து வந்தவர், மாநில வங்கி ஆணையராக இருந்தவர். அடுத்த சில மாதங்களில் கவர்னர் வேட்பாளராகவும் கட்சி அதே பென்சனைத்தான் முன்னிறுத்தியது. வட்டியும் அடமானமும் பேசியே வளர்ந்த கட்சி அது. அறுபத்து நான்கு வயது ஜான்சன் இந்த முறை யாரும் கூப்பிடாமலே கவர்னர் வேட்பாளர் பதவிக்குப் போட்டியிட்டார். கிடைக்கவில்லை.

1936 ஆகஸ்ட் 22 அன்று ஓல்சன் புற்றுநோயால் இறந்தார். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 13 அன்று லிட்ச்ஃபீல்ட் ஊரில் ஜான்சன் இறந்தார். நவம்பரில் பென்சன் 60 சதவீத ஓட்டோடு கவர்னரானார்.